இருநூற்று ஐந்து படிகள்

பேருந்து சிவப்பு விளக்கில் நின்றதும் அண்ணியின் உதடு அசையத் தொடங்கிவிடும். "ஒரு படி, ரெண்டு படி, மூணு படி..." ஒரு படி என்றால் ஒரு நொடி. சத்தம் வெளியே வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் மூச்சுக்காற்று போலக் கேட்கும். பச்சை விழும்போது எண்ணிக்கை எதில் நிற்கிறதோ, அதற்கு ஒரு சின்னத் தலையசைப்பு. பால் காயும்போதும் எண்ணுவார். லிஃப்ட் வரும்வரை எண்ணுவார். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்தபடியே விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். விரல் மடங்குவதைப் பார்த்த டாக்டர் வலி தாங்கவில்லை என்று நினைத்து இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். பத்தொன்பது வருடமாக நான் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

அண்ணி என் கணவருக்கு அக்கா. எனக்கு நாத்தனார். ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே வேலையிடம் என்று சொன்னால் கேட்பவர்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். "நாத்தனாரோட நாள் பூராவுமா? எப்படித்தான் தாங்குறே?" என்று எதிர்வீட்டு அம்மாள் அண்ணியின் காதில் விழும்படியே கேட்டார். "எண்ணிக்கிட்டே தாங்குறா" என்றார் அண்ணி. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்தவங்க எல்லாம் பத்து நிமிஷம்னு சொல்லி அரை மணி கழிச்சு வந்தாங்க" என்பார்.

அருங்காட்சியகத்தில் அவர் புகைப்படக்காரர். அங்கே நிலவறையில் பழைய துணிகளுக்கென்று ஒரு குளிர்ந்த அறை இருக்கிறது. கொடிகள், கூடாரத் திரைகள், குதிரை மேல் போர்த்திய விரிப்புகள், யாரோ ஒரே ஒருநாள் போட்டுக்கொண்ட அங்கிகள் எல்லாம் தட்டையான பெட்டிகளில் படுத்திருக்கும். வெளிச்சம் துணியைத் தின்னும். இன்று தின்றது இன்று தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை உண்டு. அந்தத் துணி எந்தத் தேதியில் எத்தனை நிமிடம் வெளிச்சத்தில் இருந்தது என்று அதில் எழுத வேண்டும். அந்த அறையில் எரிவது மங்கலான ஒரே ஒரு விளக்கு. டார்ச், போன், ஒளிரும் கடிகாரம் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அறையின் சாவியும் அட்டையில் எழுதும் உரிமையும் துறைக் காப்பாளரைத் தவிர அண்ணியிடம் மட்டும்தான் இருந்தன. நிமிடத்தைத் தப்பாமல் சொல்லத் தெரிந்தவர் என்பதால் கொடுத்தது. அந்தத் துணிகளைத் தைத்துச் சீர்செய்யும் வேலை எனக்கு. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியும் என்று அண்ணி சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை.

அவர் படம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். துணியின் மேல் செய்தித்தாளைப் பரப்பி, தாளில் இருக்கும் எழுத்தை வைத்து ஃபோகஸ் செய்வார். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரையும் தாளின் மேலேயே காட்டுவார். துணிக்கு அதுவரை ஒரு பொட்டு வெளிச்சம் விழாது. கேமராவில், சுருளாக அல்லாமல் தனித்தாளாக வரும் கறுப்பு வெள்ளை ஃபிலிமைச் செருகிவிட்டு, செய்தித்தாளை எடுப்பதும் லென்ஸ் மூடியை எடுப்பதும் ஒரே மூச்சில் நடக்கும். அப்போதுதான் வாய்விட்டு எண்ணத் தொடங்குவார். நூற்றைத் தாண்டி எண்ணமாட்டார். "நூத்தி அறுபத்தி ஏழு படின்னு சொல்றதுக்குள்ள ரெண்டு படி இறங்கிடலாம்" என்பார். நூறு வந்ததும் இடது கையில் ஒரு விரலை மடக்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீட்டர் ஒரு நிமிடம் என்று காட்டியதை நானே பார்த்தேன். அண்ணி இரண்டு விரலை மடக்கி, அதற்கு மேலும் ஐந்து எண்ணிவிட்டு மூடினார். இருநூற்று ஐந்து. மீட்டர் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தைரியம் வர ஒரு மாதமானது.

"மீட்டர் சரியாத்தான் சொல்லுது. ஃபிலிம்தான் சோம்பேறி" என்றார் அண்ணி. "நல்ல வெயில்ல அது சொன்ன பேச்சுக் கேக்கும். ரெண்டு மடங்கு நேரம் குடுத்தா ரெண்டு மடங்கு வாங்கிக்கும். இந்த மாதிரி மங்கல்ல அந்தக் கணக்கு நிக்காது. நீ வீட்டுக்குள்ள படுத்திருக்கே. யாரோ கதவைத் தடதடன்னு தட்டுறாங்க. என்ன பண்ணுவே?"

"எந்திரிச்சுப் போய்த் திறப்பேன்."

"இப்ப ஒரு தட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தட்டு. அப்ப?"

"காத்துல ஏதோ ஆடுதுன்னு திரும்பிப் படுத்துக்குவேன்."

"அதேதான். ஃபிலிம்ல இருக்கற ஒவ்வொரு பொடி மணியும் உன்னை மாதிரிதான். முதல் தட்டுக்குப் பாதி எந்திரிக்கும். அடுத்தது சீக்கிரம் வரலைன்னா முதல் தட்டையும் மறந்துட்டுப் படுத்துக்கும். அதனால அது கேக்குறதைவிட அதிகமா குடுக்கணும். எவ்வளவு அதிகம்னு நான் சோதிச்சு எழுதி வச்சிருக்கேன்."

அவருடைய நோட்டில் இரண்டே பத்திகள். ஒன்றின் தலைப்பு 'கேட்பது', மற்றது 'கொடுப்பது'. பத்து கேட்டால் இருபது. முப்பது கேட்டால் எண்பத்து மூன்று. அறுபது கேட்டால் இருநூற்று ஐந்து. கூடக் கூட ஃபிலிமின் சோம்பலும் கூடும். அதிலும் துணியின் வெளுத்த இடம் எப்படியோ பதிந்துவிடும், கறுத்த மடிப்புகள்தான் முதலில் காணாமல் போகும் என்பார். "இருட்டுலதான் அதிகமா ஏமாத்தும். நாமதான் பொறுத்து நிக்கணும்."

அந்த இருநூற்று ஐந்து கடிகாரத்துக்கும் இருநூற்று ஐந்துதான். என் கணவர் ஒருமுறை பந்தயம் கட்டினார். அக்கா சுவரைப் பார்த்து எண்ண வேண்டும், தம்பி கையில் கடிகாரம். இரண்டே நொடி வித்தியாசம். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் தேய்த்தார். அவருக்கும் அக்காவுக்கும் நிரந்தரத் தகராறு எங்கள் குளியலறைதான். அருங்காட்சியகத்தின் இருட்டறையில் தண்ணீர் குழாய் ஒழுகுகிறது என்று, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அண்ணி எங்கள் குளியலறைக் கதவிடுக்கில் கம்பளியை அடைத்துவிட்டு ஃபிலிம் கழுவுவார்.

"அக்கா, உள்ள என்ன முட்டை அடைகாக்குறியா? ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் வெளிய நிக்கிறது?"

"அடைகாத்திருந்தா இந்நேரம் குஞ்சு பொரிச்சிருக்கும். அது உன்னை மாதிரி கத்தாது, போடா."

என் தையல் மேசை துணியறைக்கு அடுத்த அறையில். நடுவில் கதவு மூடியிருக்கும். கதவுக்கு மேலே காற்றுக்காக வைத்த மடிப்புத் தகட்டின் வழியே வெளிச்சம் போகாது, சத்தம் வரும். அண்ணி எண்ணுவதைக் கேட்டுக்கொண்டேதான் தைப்பேன். கிழிசலின் மேல் மெல்லிய நூலைக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கிற தையல் அது, நிதானமாகத்தான் வரும். அவர் இருநூற்று ஐந்து எண்ணி முடிக்கும்போது நான் நாற்பது தையல் போட்டிருப்பேன். ஒன்று கூடும், ஒன்று குறையும். வருடக்கணக்காக அப்படித்தான்.

பிறகு நாற்பத்து மூன்று ஆனது. நூல் வழுக்குகிறது என்று நினைத்தேன். அடுத்த மாதம் நாற்பத்தாறு. ஒருநாள் எண்ணி முடித்துவிட்டு மூடியைப் போடும் சத்தம் கேட்டபோது ஊசி ஐம்பதாவது தையலில் இருந்தது. அன்றைக்கு நான் மேலே தைக்கவில்லை.

அதற்கப்புறம் வேறு சிலவும் கண்ணில் பட்டன. நோட்டில் அண்ணியின் எழுத்து வரியின் தொடக்கத்தில் எள் போல இருந்து, முடிவில் கடுகிலும் பொடியாகிக்கொண்டிருந்தது. சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொள்ள நேரமானது. நடக்கும்போது வலது கை மட்டும் வீசாமல் பக்கத்தில் தொங்கியது. கணவரிடம் மெல்ல எடுத்தேன். "அக்காவா? பூமி சுத்துறது நின்னாலும் அக்கா எண்ணுறது நிக்காது. உனக்கு வேற வேலை இல்லையா?" என்று போய்விட்டார். அண்ணியிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணிக்கை தப்பினால் சாவி போகும். சாவி போனால் அந்த அறை போகும். அந்த அறை இல்லாத அண்ணியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அருங்காட்சியகத்துச் சாப்பாட்டு அறையில் தேநீர் குடிக்கும்போது சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். "அண்ணி, உங்க இருநூத்தி அஞ்சுக்கு நாப்பது தையல் போடுவேன். இப்ப அம்பத்தி ரெண்டு வருது."

கோப்பையைக் கீழே வைத்தார். "உன் கை வேகமாயிடுச்சு."

"எனக்கு நாப்பத்தாறு வயசு அண்ணி. கை வேகமாகிற வயசா இது?"

"ஊசி மாத்தினியா?"

"இல்ல."

"நூலு?"

"அதே நூலுதான்."

"சரி, நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். ஃபிலிம் சொல்லட்டும்" என்று எழுந்துபோய்விட்டார்.

கடிகாரத்தை நம்பாமல் ஃபிலிமை நம்பினார். அதுதான் அண்ணி. நிறுத்துகடிகாரம் ஒன்று அவர் மேசை இழுப்பறையில் வருடக்கணக்காக உறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து எண்ணிக்கையை அளந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர் செய்தது வேறு. அருங்காட்சியகப் பொருள் அல்லாத ஒரு பழைய ஜன்னல் திரையை அதே விளக்கின் கீழே விரித்து, இரண்டு தாள் ஃபிலிம் எடுத்தார். ஒன்று தன் எண்ணிக்கைப்படி இருநூற்று ஐந்து. இன்னொன்றுக்கு நான் கடிகாரத்தில் இருநூற்று ஐந்து நொடி பார்த்து "ஆச்சு" என்று சொன்னதும் மூடினார். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் குளியலறை வாசலில் நின்று பார்த்தோம். வெளுத்த கோடு, கறுத்த மடிப்பு, ஓரத்துப் பூவேலை, எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தன.

"ரெட்டைப் பிள்ளைங்க. எது மூத்தது, சொல்லு பாக்கலாம்" என்றார் அண்ணி.

கணவர் ஒன்றைக் காட்டினார். நான் மற்றதைக் காட்டினேன். இரண்டு பேருக்கும் நிச்சயமில்லை.

"அவ்வளவுதான் விஷயம்" என்று அண்ணி கையைத் துடைத்துக்கொண்டார். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டார். கணவர் என்னைப் பார்த்த பார்வையில், வீட்டில் வீணாகக் கலகம் பண்ணியவள் நான்.

மறுநாள் காலை பேருந்து வழக்கமான சிவப்பு விளக்கில் நின்றது. அண்ணியின் உதடு அசையவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறை. அடுத்த விளக்கிலும் அசையவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஃபிலிமைக் கேட்டிருக்கக் கூடாது."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அந்த மங்கல்ல அதுக்கு அம்பது நொடி கூடினாலும் ஒண்ணுதான், குறைஞ்சாலும் ஒண்ணுதான். நானே எழுதி வச்சிருக்கேன். அரைத்தூக்கத்துல கெடக்குறவன எழுப்பி மணி என்னன்னு கேட்டிருக்கேன் பாரு." கொஞ்ச தூரம் போனபின், "போனதும் அந்த வாச்சை எடு" என்றார்.

சாப்பாட்டு அறையில் சுவரைப் பார்த்து நின்று எண்ணினார். நான் பொத்தானை அழுத்தினேன். இருநூற்று ஐந்து படிக்கு நான்கு நிமிடம் இருபத்திரண்டு நொடி ஆனது. ஏறக்குறைய ஒரு நிமிடம் அதிகம். "இன்னொரு தடவை" என்றார். நான்கு பத்தொன்பது. "இன்னொண்ணு." நான்கு இருபத்து நான்கு. மூன்றையும் நோட்டில் எழுதினார். எழுத்து பொடியாகிக்கொண்டே போனதை அன்றுதான் அவரும் பார்த்தார் என்று நினைக்கிறேன். நோட்டை விளக்கடிக்குக் கொண்டுபோய், பழைய பக்கங்களைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"அட்டை" என்றார். "அட்டையில எல்லாம் குறைச்சு எழுதியிருக்கேனே. எத்தனை நாளா இப்படி?"

"எனக்கு ஏழு மாசமா தெரியும்."

"ஏழு மாசமா தெரிஞ்சும் சொல்லலையா?"

"பயமா இருந்துச்சு."

"என்னைப் பாத்தா?"

"உங்களுக்கு அந்த ரூம் போயிடுமோன்னு."

அண்ணி நோட்டை மூடினார். "எனக்கு ரூம் போனா நான் வெளிய நிப்பேன். துணி எங்க போய் நிக்கும்?" என்று கேட்டார்.

அந்தக் காலத்துக்குள் அவர் எழுதியிருந்த நாற்பத்தொரு அட்டைகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு காப்பாளரிடம் போனார். துணைக்கு நானும் போய்க் கதவோரம் நின்றேன். காப்பாளர் நல்ல மனிதர். "ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம்தானேம்மா. இந்த மங்கல் வெளிச்சத்துல பெருசா ஒண்ணும் ஆகிடாது" என்றார். "ஆகலைன்னா சந்தோஷம் சார். ஆனா எழுதினது தப்பு" என்றார் அண்ணி. நாற்பத்தொன்றையும் சிவப்பு மையில் திருத்தவைத்துவிட்டுத்தான் எழுந்தார். எழுந்தபின் சாவியைத் தானே மேசைமேல் வைத்தார். காப்பாளர் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே நாங்கள் கூட்டிப்போன டாக்டர் அண்ணியை நடக்கவிட்டார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். நடுக்குவாதத்தின் தொடக்கம் என்றார். கை நடுங்கவில்லையே என்று கணவர் கேட்டார். நடுக்கம் பின்னால் வரலாம், வராமலும் இருக்கலாம், இப்போதைக்கு உடம்பு எல்லாவற்றையும் கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது என்றார் டாக்டர். இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "இவ தையலை வச்சு" என்று அண்ணி என்னைக் காட்டினார். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

அதன்பின் இரண்டு மாதம் எங்கள் குளியலறை காலியாகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கழுவ ஃபிலிம் எதுவும் இல்லாமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் கணவர் வெளியே துண்டோடு நின்றார். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய், ஏண்டா கத்தலை? குளிக்கிற எண்ணம் இருக்கா, இல்லையா?"

கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முட்டை பொரிஞ்சா வெளிய வா" என்றார்.

அன்று சாயங்காலம்தான் அண்ணி நோட்டை எடுத்து, 'கேட்பது', 'கொடுப்பது' என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு கிழித்தார். என்னைக் கடிகாரத்தோடு உட்காரவைத்தார். இந்த முறை தலைகீழாக. கடிகாரத்தில் இருநூற்று ஐந்து நொடி ஓடி முடியும்போது அவர் எத்தனையாவது படியில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நூற்று எழுபத்தொன்று. அதை மூன்றாவது பத்தியில் எழுதினார். "ஃபிலிம் சோம்பேறின்னு தூக்கியா போட்டேன்? எவ்வளவு சோம்பல்னு பாத்து எழுதி வச்சுக்கலை?" என்றார். பத்திக்குத் தலைப்பு எதுவும் வைக்கவில்லை.

அந்த நோட்டோடு காப்பாளரைப் பார்க்கப் போனோம். கடிகாரமே இருக்கும்போது எண்ணுவது எதற்கு என்று அவர் கேட்டார். "மூடியை எடுக்கறதும் போடறதும் என் கைக்கு எண்ணிக்கையாலதான் வரும் சார். வாச்சு அட்டைக்கு. எண்ணிக்கை கைக்கு" என்றார் அண்ணி. மாதாமாதம் அந்த எண்ணைக் கொண்டுவரும்படி டாக்டரும் கேட்டிருந்தார் என்பதைச் சொல்லவில்லை. காப்பாளர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். சாவி இருவர் பெயரில். முள் வைத்த, ஒளிராத கடிகாரத்தோடு நான் உள்ளே உட்கார வேண்டும். எண்ணிக்கை எதில் நின்றாலும், அட்டையில் கடிகாரத்தின் நேரத்தை நான்தான் எழுத வேண்டும்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் படம் எடுக்கிறோம். பேருந்தில் அண்ணியின் உதடு மறுபடி அசைகிறது. மாதத்தின் முதல் வேலைநாளில் மூன்றாவது பத்தியைப் புதுப்பிக்கிறோம். நூற்று எழுபத்தொன்றுக்குப் பிறகு நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபது என்று வந்தது. வலது கையில் லென்ஸ் மூடி இருக்கும். இடது கை விரல்கள் தானாக மடங்க இப்போது தாமதமாகிறது. அதனால் நூறு வந்ததும் எண்ணிக்கையை நிறுத்தாமலே, துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இடது கையை என் பக்கம் நீட்டுவார். நான் ஒரு விரலை மடக்கிவிடுவேன். முன்பு இருநூற்று ஐந்து நொடிப் படத்துக்கு இரண்டு விரல் மடக்குவார். இந்த மாதம் அவருடைய எண் நூற்று அறுபத்தாறு. ஒரு விரல் போதும்.